வட்டைக் காய்ச்சலும் ஒரு துளி இரத்தமும்

கல்முனைக் கரையில் முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் ஊர்கள் கடலை ஒட்டி நெருங்கி நிற்பன. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என மணற்பரப்பில் அமைந்த இவ்வூரவரின் வயல்களோ மேற்கே வட்டைகளில் கிடந்தன. போடிமாரின் ஆட்கள் அங்கே வாடிகளில் தங்கி, வேளாண்மை வெட்டிச் சூடடித்து மீள்வர். நெல்லோடு குளிர்காய்ச்சலும் ஊருக்கு வந்ததுண்டு. அதற்கும் அப்பால் உட்பகுதியிற் குடிகள் அருகியிருந்தமைக்கு மலேரியா ஒரு பெருங் காரணம்.

1897இல் சிக்கந்தராபாத்திலே ரொனால்ட் றொஸ் நுளம்பின் வயிற்றில் இந்நோய்க் கிருமியைக் கண்டார். இலங்கையில் இதனைப் பரப்பிய நுளம்பு சாக்கடையை நாடுவதன்று. வற்றும் ஆற்றுமணலில் தேங்கும் தெளிந்த நீரையே விரும்புவது. 1934இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாயின. அடுத்த ஆண்டுக்குள் தீவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கைவசமிருந்த கொயினா காய்ச்சலைத் தணித்ததேயன்றி நுளம்பைத் தொடவில்லை.

1946இல் தீவெங்கும் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கலாயினர். இரத்தம் குடித்த நுளம்பு அருகிலுள்ள சுவரிலேதான் இளைப்பாறும்; அங்கேயே மடிந்தது. ஆயிரம் பேருக்கு 20 ஆக இருந்த இறப்பு ஒரே ஆண்டில் 14 ஆயிற்று. வைத்தியசாலைகளுக்கும் மருத்துவிச்சிமாருக்கும் உணவுக்கும் இதிற் பங்குண்டு என்று பின்வந்த ஆய்வாளர் வாதிட்டது நியாயமே. ஆயினும் 1949இல் பட்டிப்பளை ஆற்றை மறிக்கும் கல்லோயாத் திட்டத்தை வகுத்து, காட்டில் ஆயிரக்கணக்கானோரைக் குடியேற்றத் துணிந்ததற்கு இம்மருந்து தந்த நம்பிக்கையும் காரணம். அக்குடியேற்றம் கரையூர்களின் நிலத்தையும் அரசியலையும் மாற்றியமை தனியே பேச வேண்டிய கதை.

1963இல் தீவு முழுவதிலும் நோய் கண்டோர் 17 பேரே! அம்மகிழ்ச்சியில் தெளிப்பு நின்றது. காய்ச்சற்காரரின் இரத்தத்தைச் சோதிக்கும் வேலையும் தளர்ந்தது. 1969இல் அத்தொகை 5 இலட்சத்தைத் தாண்டிற்று. நுளம்போ டி.டி.டி.யைத் தாங்கப் பழகிவிட்டது. 1977இல் மலத்தியனுக்கு மாறினர்.

மருந்தை மாற்றியது மட்டும் போதவில்லை. நோயாளி வைத்தியசாலைக்கு வரட்டும் என்று காத்திராமல், சுகாதாரப் பணியாளர் காய்ச்சல் கண்டவரைத் தேடிச் சென்றனர். விரல்நுனியிற் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தம் கண்ணாடித் துண்டில் தடவப்பட்டு நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கப்பட்டது. எவ்வகைக் கிருமி என்றறிந்து அதற்குரிய மாத்திரை கொடுக்கப்பட்டது. கிழக்கிலும் வடக்கிலும் போர் நடந்த காலத்திலும் இவ்வேலை முற்றாக நிற்கவில்லை என்பது போற்றத்தக்கது. மருந்தூட்டிய வலைகளும் துணைசெய்தன. உள்நாட்டிலே தொற்றிய கடைசி நோயாளர் 2012இல் காணப்பட்டார். 2016 செப்டெம்பர் 5ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு மலேரியா நீங்கிய நாடென்ற சான்று வழங்கியது.

ஆயினும் பிறநாடு சென்று காய்ச்சலோடு மீள்பவரின் இரத்தம் இன்றும் சோதிக்கப்படுகிறது. அதே 2016ஆம் ஆண்டின் இறுதியில் மன்னாரிலே மலேரியா பரப்பவல்ல இன்னொரு நுளம்பினம் கண்டறியப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. அது ஆற்றுமணலைத் தேடிப் போவதில்லை. நகரத்துக் கிணறுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் முட்டையிடும். கல்முனைக் கரையிற் கிணறில்லாத பழைய வளவு அரிது.