இரு சட்டத்தரணிகள், ஒரே நீரிணை

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கிடக்கும் பாக்கு நீரிணையை ஐந்தாண்டு இடைவெளியில் இரண்டு சட்டத்தரணிகள் நீந்திக் கடந்தார்கள். ஒருவர் மிஹிர் சென். இன்றைய மேற்கு வங்கத்தின் புருலியாவில் 1930 இல் பிறந்தவர். 1966 ஏப்ரல் 5 ஆம் திகதி தலைமன்னாரில் இறங்கி மறுநாள் தனுஷ்கோடியில் கரையேறினார். பிடித்த நேரம் 25 மணி 36 நிமிடம். மற்றவர் வல்வெட்டித்துறை வி. எஸ். குமார் ஆனந்தன், நம்மவர்களுக்கு ஆழிக்குமரன் ஆனந்தன். 1971 இல் இவர் அக்கரை போனதோடு நிற்கவில்லை, அதே கடலில் திரும்பியும் வந்தார். போகவும் வரவும் 51 மணி நேரம்.

இருவரும் தொட்டது உயிரோடிருந்த தனுஷ்கோடியை அல்ல. 1964 டிசம்பர்ப் புயல் அந்த ஊரை அள்ளிக்கொண்டு போய்விட்டிருந்தது. ரயிலும் கப்பலும் சந்தித்துக்கொண்ட இடத்தில் மணலும் இடிந்த சுவர்களும்தான் மிஞ்சியிருந்தன.

இவர்களில் யார் பெரியவர் என்ற வழக்கு எனக்கும் என் நண்பன் ஒருவனுக்கும் வெகுகாலம் நடந்தது. அவன் மாத்தளைக்காரன். வேலை நிமித்தம் வில்கமுவவுக்குப் போய் அங்கேயே நிலைத்துவிட்டவன். கடலுக்கும் வில்கமுவவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரு பக்கம் நக்கிள்ஸ் மலைத்தொடர், மறுபக்கம் மகாவலி, பக்கத்தில் வஸ்கமுவக் காடு. ஆனாலும் பாக்கு நீரிணையைப் பற்றி அங்குள்ள ஹெட்டிப்பொல தேநீர்க்கடையில் உட்கார்ந்து அவனைப்போல் பேச ஆளில்லை. விடுமுறைக்கு மாத்தளைக்கு வருவதென்றால் பஸ் ஏறமாட்டான். பல்லேகம, ரிவஸ்டன், ரத்தோட்டை என்று சைக்கிளிலேயே மலையேறி இறங்கி வருவான். ரிவஸ்டன் உச்சியில் காற்று ஆளைத் தள்ளும் இடத்தில் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பதை அவன் தோல்வியாக எண்ணியதே இல்லை. அவன் இப்போது இல்லை. வழக்கை நான் தனியாக முடிக்கவேண்டியிருக்கிறது.

அவன் சென் பக்கம். அதற்கு அவன் சொன்ன காரணம், சென் எந்த இடத்திலிருந்து புறப்பட்டார் என்பது. வறிய குடும்பம்; வளர்ந்தது ஒடிசாவின் கட்டக்கில். சட்டம் படிக்க இங்கிலாந்து போகக் காசில்லை. ஒடிசா அரசியல் தலைவர் பிஜு பட்நாயக் கொடுத்த கப்பல் டிக்கெட்டோடும் சில பவுண் பணத்தோடும் ஒரு பெட்டியோடும்தான் அங்கே போய் இறங்கினார். இரவில் ரயில் நிலையத்தில் சுமை தூக்கினார், பிறகு இந்திய உயர் ஸ்தானிகராலயத்தில் வேலை பார்த்தார், இடையில் பாரிஸ்டர் படிப்பையும் முடித்தார். புளோரன்ஸ் சாட்விக் என்ற அமெரிக்கப் பெண் ஆங்கிலக் கால்வாயை நீந்திய செய்தியைப் படித்த பிறகுதான் அவருக்கு நீச்சல் ஆசையே வந்தது. லண்டன் வை.எம்.சி.ஏ. குளத்தில் முறையான நீச்சலைக் கற்று, கால்வாயில் இறங்கி, தோற்று, மறுபடி இறங்கி, 1958 செப்டெம்பர் 27 இல் 14 மணி 45 நிமிடத்தில் கடந்தார். “மச்சான், சுமை தூக்கின தோளடா அது” என்று நண்பன் இந்தக் கதையை ஒவ்வொரு முறையும் முதல் தடவை சொல்பவனைப்போலவே சொல்வான்.

சென்னின் பெரிய ஆண்டு 1966. ஏப்ரலில் பாக்கு நீரிணை. ஆகஸ்டில் ஜிப்ரால்டர். செப்டெம்பரில் டார்டனெல்ஸ், அடுத்து பொஸ்பரஸ். ஒக்டோபர் கடைசியில் பனாமாக் கால்வாயை முழு நீளத்துக்கும் நீந்தினார், 34 மணிக்கு மேலாக. ஒரே ஆண்டில் ஐந்து நீர்வழிகள், ஒவ்வொன்றையும் ஒரு தடவை. உலகப்படத்தை மேசையில் விரித்துவைத்து நாள் குறித்தவரின் வேலை இது. இந்தியனால் இது முடியும் என்று உலகுக்கும் இந்திய இளைஞர்களுக்கும் காட்டவேண்டும் என்பதே அவர் நோக்கம். பாக்கு நீரிணையில் இந்தியக் கடற்படையின் சுகன்யா, சாரதா என்ற கப்பல்கள் அவரோடு வந்தன. விருதுகளும் வந்தன: 1959 இல் பத்மஸ்ரீ, 1967 இல் பத்மபூஷண்.

ஆனந்தனின் கணக்கு வேறு. அவர் அளந்தது நேரத்தை. ஒரு மனித உடல் ஒரு காரியத்தை எத்தனை மணி நேரம் விடாமல் செய்யும் என்பதே அவர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி. 1979 இல் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றிச் சுற்றி 187 மணி நேரத்துக்கு மேல் சைக்கிள் ஓட்டினார். ஏறத்தாழ எட்டு நாள். ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். 128 மணி நேரம் ட்விஸ்ட் நடனம் ஆடினார். தண்ணீரில் கால் ஊன்றாமல் 80 மணி நேரம் மிதந்தார். கின்னஸ் புத்தகத்தில் அவர் பெயர் ஏழு தடவை ஏறியது.

ஒற்றைக் காலில் நிற்பதும் ட்விஸ்ட் ஆடுவதும் விளையாட்டா, வேடிக்கையா என்று கேட்டவர்கள் அன்றும் உண்டு. என் நண்பனும் கேட்டான். நான் இன்றும் ஆனந்தனுக்காகவே வாதாடுவேன். 80 மணி நேரம் மிதப்பதை நினைத்துப் பாருங்கள். மூன்று இரவு தூக்கமில்லை. தோல் ஊறி வெளுத்துச் சுருங்கும். கை மடக்கும் இடமெல்லாம் உரசி எரியும். கடலென்றால் உப்பு வேறு நாக்கையும் தொண்டையையும் வீங்கவைக்கும். கடலைக் கடப்பவருக்குக் கரை நெருங்குகிறது என்ற ஆறுதலாவது உண்டு. மிதப்பவருக்கு எதுவும் நெருங்குவதில்லை. அந்த வெறுமையிலும் உடலை அடக்கி வைத்திருக்கும் இயல்புதான் 51 மணி நேரப் பாக்கு நீரிணையையும் கடக்கவைத்தது என்பது என் எண்ணம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. சென் நீச்சலை வளர்ந்த பிறகு ஒரு குளத்தில் கற்றார். ஆனந்தனுக்குப் பின்னால் ஒரு கடற்கரையே நின்றது. வல்வெட்டித்துறை கப்பல் கட்டிய ஊர். அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஒரு அமெரிக்கர் வாங்க, வல்வெட்டித்துறை மாலுமிகள் ஐந்து பேர் அதை ஓட்டிக்கொண்டுபோய் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையில் சேர்த்தார்கள். பக்கத்து ஊரான தொண்டைமானாற்றின் மு. நவரத்தினசாமி 1954 இலேயே வல்வெட்டித்துறையில் இறங்கி 27 மணி நேரத்தில் கோடியக்கரையை எட்டினார். பாக்கு நீரிணையை நீந்தியவர்களில் முதல் மனிதர் அவர்தான். சென்னுக்கு 12 ஆண்டு முந்தியவர். கடற்படைக் கப்பல் துணைக்கு வந்தவரின் பெயர் பாடப்புத்தகம் வரை போயிற்று. நவரத்தினசாமியின் பெயரை யாழ்ப்பாணத்துக்கு வெளியே எத்தனை பேர் அறிவார்கள்? இது திருத்தப்படவேண்டிய குறை.

ஆங்கிலக் கால்வாய்தான் இருவரையும் கடைசியாகப் பிரித்தது. தூரத்தைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. டோவரிலிருந்து பிரான்ஸ் கரை நேர்கோட்டில் 33 கிலோமீற்றர் சொச்சம். தலைமன்னார் - தனுஷ்கோடியைவிடச் சற்றுத்தான் கூட. ஆனால் பாக்கு நீரிணையின் நீர் வெதுவெதுப்பானது. கால்வாயின் நீர் கோடையிலும் 16, 18 பாகைதான். காற்றைவிடப் பல மடங்கு விரைவாக நீர் உடம்புச் சூட்டை உறிஞ்சும். அதோடு ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கொருமுறை திசை மாறும் நீரோட்டம் நீந்துபவரைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கும். சென் அந்தக் குளிரிலேயே வாழ்ந்து, அதில் தோற்றுத் தோற்றுப் பழகியவர். ஆனந்தன் வெப்பக் கடலின் பிள்ளை. 1984 ஆகஸ்ட் 6 ஆம் திகதி அந்தக் கால்வாயை நீந்தும் முயற்சியில் அவர் உயிர் போனது. வயது 41.

1983 ஜூலை இனக்கலவரத்துக்கு ஓராண்டு கழிந்த நேரம் அது. தமிழர் வீடுகள் எரிந்த கொழும்பிலேதான் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் மக்கள் கூடி நிற்க அவர் சைக்கிள் ஓட்டியிருந்தார். அத்தனைக்கும் பிறகும் அவர் இலங்கை நீச்சல் வீரராகத்தான் டோவர் கடலில் இறங்கினார். இதை எழுதும்போது எனக்கு இன்னும் நெஞ்சு கனக்கிறது. அதே 1984 ஆகஸ்டில்தான் வஸ்கமுவ தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வில்கமுவவில் அந்த ஆண்டைப் பூங்காவை வைத்துச் சொல்வார்கள். ஆனந்தன் இறந்த ஆண்டு என்று சொன்ன ஒரே ஆள் என் நண்பன். சென் பக்கம் நின்று வழக்காடிய அவன்தான் அந்தத் திகதியையும் மறக்காமல் வைத்திருந்தான்.

எங்கள் வழக்கில் அவன் அடிக்கடி எழுப்பிய கேள்வி ஒன்று உண்டு. “படகிலே யார் இருந்தது?” கால்வாயில் நீந்துபவர் படகைத் தொடக்கூடாது, ஆளையும் தொடக்கூடாது, தொட்டால் முயற்சி செல்லாது. சூடான பானத்தையும் குளுக்கோஸையும் கழி நுனியிலோ கயிற்றிலோ கட்டி நீட்டவேண்டும். நீந்துபவர் மல்லாந்து மிதந்தபடியே குடித்துவிட்டுக் கோப்பையை விடவேண்டும். படகில் இருப்பவருக்கும் தூக்கம் கிடையாது. பேச்சுக் குழறுகிறதா, கைவீச்சுக் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். எந்த நொடியில் படகில் தூக்கிப் போடுவது என்று தீர்மானிப்பது அவர் பொறுப்பு. 25 மணி நேரமும் 51 மணி நேரமும் பதிவான பட்டியல்களில் இவர்கள் பெயர் இல்லை. சென்னுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தவரும் ஒரு வகையில் படகில் இருந்தவர்தான் என்பான் நண்பன்.

அவனே அப்படியொருவனாகத்தான் வாழ்ந்தான். பகலெல்லாம் வேலை. அறுவடைக் காலத்தில் யானைக் காவலுக்கு ஆள் குறைந்தால் இரவில் வயல் பரணிலும் போய் இருப்பான். விடிந்ததும் நித்திரை கொள்ளாமல் சைக்கிளை எடுப்பான். சம்பளத்தில் ஒரு பங்கு யாருடைய பிள்ளைக்கோ சப்பாத்தாகவோ சைக்கிள் டயராகவோ போய்விடும். கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான். சனிக்கிழமைகளில் ஊர்ப் பிள்ளைகளைக் குளத்துக்குக் கூட்டிப்போவான். மகாவலிக்குக் கூட்டிப்போகமாட்டான், அங்கே முதலை, சுழி இரண்டும் உண்டு. குளத்தின் மேட்டோரம் இடுப்பளவு நீரில் இரண்டு தடி நட்டு ஒரு நைலோன் கயிறு கட்டுவான். வெறும் எண்ணெய்க் கான்களின் மூடியை இறுக்கி, சேலைத்துணியால் பிள்ளையின் மார்போடு சேர்த்துக் கட்டுவான். முதல் வாரம் கான் இரண்டு, பிறகு ஒன்று, பிறகு கான் இல்லை. பிள்ளையின் முதுகுக்குக் கீழே தன் உள்ளங்கையை வைத்திருப்பான். பிள்ளைக்குத் தெரியாமலே அதை எடுத்துவிடுவான். அவனிடம் நீந்தக் கற்றவர்களில் ஒருவரும் சாதனை படைக்கவில்லை. யாரும் தண்ணீரில் மூழ்கிப் போகவும் இல்லை.

நினைவு வைத்திருப்பதிலும் சென்னுக்கும் ஆனந்தனுக்கும் இரண்டு விதி. மிஹிர் சென்னை நாடு நினைவு வைத்தது. நாட்டின் நினைவு சீக்கிரம் களைத்துவிட்டது. பட்டு ஏற்றுமதித் தொழில் நொடித்து, மறதி நோயும் பார்க்கின்சன் நோயும் பிடித்து, 1997 ஜூன் 11 இல் அவர் கொல்கத்தாவில் காலமானபோது அவரைத் தேடி வந்தவர்கள் மிகச் சிலர். ஆனந்தனை ஊர் நினைவு வைத்தது. போர் நடந்தது, ஊர் சிதறியது, எண்பதுகளில் தலைமன்னார்க் கப்பலும் நின்றது. ஆனாலும் வல்வெட்டித்துறையில் இன்று அவர் பெயரில் ஒரு நீச்சல் தடாகம் இருக்கிறது. அதில் பிள்ளைகள் நீந்துகிறார்கள்.

51 மணி நேரச் சாதனையும் வீழ்ந்துவிட்டது. 2021 ஏப்ரல் 10, 11 ஆம் திகதிகளில் இலங்கை விமானப்படையின் ரொஷான் அபேசுந்தர அதே தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்பினார்: 59.3 கிலோமீற்றர், 28 மணி 19 நிமிடம் 43 விநாடி. ஐம்பது ஆண்டு கழித்து ஒரு சிங்கள இளைஞர் தமிழர் ஒருவரின் சாதனையை முறியடித்தபோது, ஆனந்தனின் பெயரை நாடு முழுக்க மறுபடி உச்சரிக்க நேர்ந்தது. அந்தச் செய்தியை நான் மகிழ்ச்சியோடுதான் படித்தேன். முறியடிக்க ஆள் வருவது சாதனைக்கு மரியாதை.

என் தீர்ப்பு இது: துணிவில் இருவரும் சமம். திட்டத்திலும், தோல்வியிலிருந்து கற்றுக்கொண்டதிலும் சென் ஒரு படி மேல். நண்பன் சொன்னது சரி. பொறுத்து நிற்பதில் ஆனந்தனுக்கு இணை நான் அறியேன். அதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். நினைவுச் சின்னத்தில் ஆனந்தனுக்குக் கிடைத்ததே மேலானது. பதக்கத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். தடாகத்தில் பிள்ளைகள் இறங்கி நீந்தலாம்.

இலங்கையில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். கடலில் மட்டுமல்ல, குளத்திலும் ஆற்றிலும் வாய்க்காலிலும் கிணற்றிலும். வில்கமுவ போன்ற ஊர்களில் தண்ணீருக்குக் குறைவில்லை, நீந்தக் கற்றுக்கொடுக்கத்தான் ஆளில்லை. தடாகம் கட்டப் பணம் வரட்டும் என்று காத்திருக்கவேண்டாம். நீந்தத் தெரிந்த பெரியவர் இருவர், ஆழம் குறைந்த ஒரு குளக்கரை, ஒரு நைலோன் கயிறு, நாலைந்து வெறுங்கான்கள், கிழமைக்கு ஒரு காலை, இவ்வளவு போதும். உங்கள் ஊரில் அந்த இருவரில் ஒருவராக நீங்கள் இருக்க முடியுமென்றால் வருகிற சனிக்கிழமையே தொடங்குங்கள்.