டிஸ்போசல் ஜீப்

தரங்கம்பாடிக் கடற்கரையில் டேனிஷ்காரர்கள் 1620-இல் எழுப்பத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை, 1978 வரை அரசு அதிகாரிகள் வந்து தங்கும் பயணியர் விடுதியாக இருந்தது. அதன்பிறகுதான் தொல்லியல் துறையின் கைக்கு வந்து அருங்காட்சியகம் ஆயிற்று. விடுதியாக இருந்த காலத்தில் சுற்றுப்பயணம் வந்த தாசில்தாரும் பொறியாளரும் பெரும்பாலும் ஜீப்பில்தான் வந்து இறங்கியிருப்பார்கள். கோட்டைப் பீரங்கிகள் இன்றும் கடலைப் பார்த்தபடி இருக்கின்றன, பெயர்ப்பலகையோடு. அந்த ஜீப்புகளோ எடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு எழுதி, எடை குறைந்த, நான்கு சக்கரமும் இழுக்கிற ஒரு வண்டி கேட்டது. மாதிரி வண்டி தர 49 நாள் கெடு. பென்சில்வேனியாவில் நொடித்துக் கிடந்த பான்டம் என்ற சின்னக் கம்பெனி மட்டும் செப்டம்பர் 23 அன்று கெடுவுக்குள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. உழைத்தவன் ஒருவன், அறுத்தவன் வேறொருவன்: பெரிய ஆர்டரெல்லாம் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போனது. 1945-க்குள் இருவரும் சேர்ந்து 6 லட்சத்து 40 ஆயிரத்துக்குச் சற்றுக் கூடுதலான ஜீப்புகளைச் செய்து தள்ளினார்கள்.

இரு கம்பெனி வண்டிகளுக்கும் ஒரே வரைபடம். ஒன்றின் கியர்பாக்ஸ் மற்றதில் பொருந்தும், பொருந்த வேண்டும் என்பதே ராணுவத்தின் கட்டளை. ஆனால் தன் வேலைக்குத் தன் கையெழுத்து வேண்டும் என்று ஃபோர்டுக்கு ஒரு பிடிவாதம். போல்ட்டின் கிரீஸைத் துடைத்தால் தலையில் பொடியாக ஒரு ‘எஃப்’ தெரியும். கொக்கி, பிராக்கெட் என்று கைக்கு அகப்படுகிற உருப்படியிலெல்லாம் அதே எழுத்து. இன்று உலகம் முழுக்கப் போர்க்கால ஜீப் சேர்ப்பவர்கள் ஒரு ‘எஃப்’ போல்ட்டுக்காக மாதக்கணக்கில் அலைவது இதனால்தான். ரேடியேட்டருக்குக் கீழே முன்பக்கக் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் அது வில்லிஸ். ‘ப’வைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி மடித்த தகடாக இருந்தால் ஃபோர்டு. முகப்பில் ஒன்பது துளை. துளையே இல்லாமல் இரும்புப் பட்டைகளை வரிசையாகப் பற்றவைத்த முகப்பு என்றால் வில்லிஸின் தொடக்ககால வண்டி. அதன் மதிப்பே தனி.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் இங்கே விட்டுப்போன தளவாடங்கள் 1946-இல் இந்திய அரசிடம் வந்தன. அரசின் டிஸ்போசல்ஸ் இலாகா அவற்றை விற்றது. ‘மிலிட்டரி டிஸ்போசல்’ என்ற சொல் தமிழில் ஊன்றிக்கொண்டதும் அந்த வழியில்தான். பம்பாயில் மகிந்திரா கம்பெனி 75 ஜீப்புகளைப் பிரித்த நிலையில் தருவித்து, 1949-இல் பூட்டத் தொடங்கியது. கம்பெனியின் முதல் பெயர் மகிந்திரா அண்ட் முகம்மது. பங்காளி குலாம் முகம்மது பாகிஸ்தானுக்குப் போய் நிதியமைச்சராகி, பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார்.

சென்னைக்கும் இதில் ஒரு கசப்பான பங்கு உண்டு. காஷ்மீர்ப் போருக்கு ஜீப் அவசரமாகத் தேவைப்பட்டபோது, லண்டனில் ஹைகமிஷனராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் வழக்கமான நடைமுறையைத் தாண்டி 1948-இல் ஓர் ஒப்பந்தம் போட்டார். பழைய ஜீப்புகளைப் புதுப்பித்து அனுப்புவதாகப் பேச்சு. மதிப்பு 80 லட்சம் ரூபாய். சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவை 155. ஓடுகிற நிலையில் ஒன்றுகூட இல்லை. சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் புகார் என்று இன்றும் சொல்லப்படுவது இதுதான். 1955-இல் அரசு விவகாரத்தை முடித்துவைத்தது. 1957-இல் மேனன் பாதுகாப்பு அமைச்சர்!

காவிரி டெல்டாவில் ஜீப் என்றால் சர்க்கார். 1960-61-இல் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தொடங்கியபோது முதல் ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ‘பேக்கேஜ் புரோகிராம்’ என்றால் பழைய மிராசுதார்களுக்கு உடனே புரியும். மழைக்காலத்தில் களிமண் பூசிய வாய்க்கால் கரையில் மற்ற வண்டிகள் வழுக்கி நிற்குமிடத்தில் ஜீப் தாண்டிப் போகும். போல்ட்டில் ‘எஃப்’ குத்தியவர்களின் சொத்தில் பிறந்த அறக்கட்டளையே காவிரிக் கரை நெல்லுக்கும் காசு கொடுத்தது வேடிக்கைதான்.

தாத்தா வாங்கிய ‘உலகப்போர் ஜீப்’ என்று டெல்டாவில் யாராவது பெருமையாகக் காட்டினால், முதலில் பானெட்டைப் பார்க்க வேண்டும். உயர்ந்து, பெட்டி மாதிரி இருந்தால் அது மகிந்திராவின் சிஜே-3பி, போரைப் பார்த்ததில்லை. போர்க்கால ஜீப்பின் பானெட் தாழ்வு. ஸ்டீயரிங் இடது பக்கம், பேட்டரி ஆறு வோல்ட். பெட்ரோல் விலை ஏறியபோது நம் மெக்கானிக்குகள் அந்த 60 குதிரைசக்தி எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, மட்டடோர் வேனின் டீசல் எஞ்சினையோ பியூஜோவையோ உட்காரவைத்தார்கள். ஸ்டீயரிங்கையும் வலப்பக்கம் மாற்றினார்கள். இதைக் கெடுதல் என்று சொல்ல மனம் வரவில்லை. ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறிய ஜீப்புகள் அத்தனை காலம் உழைத்தது இந்தக் கைவேலையால்தான். கழற்றிய பாகங்களோ காயலான்கடைகளுக்குப் போயின. சென்னைப் புதுப்பேட்டையில் வண்டிகளைப் பிரித்து விற்கும் தெருக்களில் எதுவும் வீணாகாது. ஆனால் எதுவும் சேர்ந்தும் இருக்காது.

சிக்கல் இங்கேதான். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டியை ‘வின்டேஜ்’ என்று பதிவு செய்து, ‘விஏ’ எழுத்துள்ள நம்பர் பிளேட் வாங்கலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்கு ஓட்டலாம். அன்றாடப் பயணத்துக்குக் கூடாது. சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. நம்மூர் ஜீப்புகளில் அதற்குத் தேறுபவை சொற்பம்.

எனவே களத்துமேட்டுக் கொட்டகையில் பழைய ஜீப் ஒன்று கிடந்தால், எடைக்குப் போடுமுன் ஒரு வேலை செய்யுங்கள். இடது பக்கச் சேசிஸ் சட்டத்தின் முன்பகுதியில் மண்ணெண்ணெய் விட்டுத் துடையுங்கள். உட்புறம் ரிவெட் அடித்த சின்னத் தகட்டில் எண் இருந்தால் வில்லிஸ். சட்டத்தின் மேலேயே எண் குத்தியிருந்தால் ஃபோர்டு. இரண்டில் எது தெரிந்தாலும் காயலான்கடைக்காரரை அன்றைக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.