இடைக்கால ஐரோப்பிய உணவும் சமூகப் படிநிலையும்

ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தை ஐரோப்பிய வரலாற்றில் இடைக்காலம் என்பர். உருளைக்கிழங்கு, தக்காளி, மக்காச்சோளம், மிளகாய் ஆகிய நான்கும் அப்போது அங்கே இல்லை. 1492க்குப் பிறகுதான் அவை அமெரிக்காவிலிருந்து வந்தன. அதுவரை ரொட்டியும் கூழுமே பெரும்பாலோரின் பசியை ஆற்றின. வயலும் ஆலையும் காடும் குளமும் யார் கையில் இருந்தனவோ, அவர்களே ஊரின் உணவைத் தீர்மானித்தார்கள்.

ஒருவருடைய தகுதியை அவர் தின்னும் ரொட்டியின் நிறமே சொல்லிவிடும். சலித்த கோதுமை மாவில் சுட்ட வெள்ளை ரொட்டி பிரபுக்களுக்கும் வசதியான நகரத்தாருக்கும் உரியது. உழவர்கள் ரை, பார்லி, ஓட்ஸ் ஆகியவற்றில் செய்த கறுத்த, கனத்த ரொட்டியைத் தின்றார்கள். விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் பட்டாணியும் அவரையும் மாவோடு கலந்தன. ஈரமான பருவங்களில் ரை கதிரைத் தாக்கும் ஒருவகைப் பூஞ்சை மாவில் கலந்துவிட்டால், கைகால் எரிந்து அழுகும் நோய் வரும். ‘புனித அந்தோனியாரின் நெருப்பு’ என்று அஞ்சப்பட்ட அந்த நோய், ரை ரொட்டியை நம்பி வாழ்ந்த ஏழைகளையே அதிகம் வாட்டியது. பெரிய விருந்துகளிலோ பழைய ரொட்டியைத் தடித்த துண்டாக வெட்டித் தட்டாகவே பயன்படுத்தினர். குழம்பில் ஊறிய அந்தத் துண்டுகள் பின்னர் வாசலில் நின்ற ஏழைகளுக்குப் பிச்சையாகப் போயின.

தானியம் விளைவித்தவன் அதைத் தன் விருப்பப்படி மாவாக்கவும் முடியாது. பல பகுதிகளில் பண்ணைக் குடிகள் நிலப்பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும். அரைகூலியாக மாவில் ஒரு பங்கைக் கொடுக்கவும் வேண்டும். பிரான்சின் பல ஊர்களில் ரொட்டி சுடும் பொது அடுப்புக்கும் இதே விதி இருந்தது. நகரங்களில் அரசு வேறுவிதமாகத் தலையிட்டது. 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வந்த சட்டம் ஒன்று ரொட்டியின் விலையை அப்படியே வைத்துக்கொண்டு, தானிய விலை ஏறும்போது எடையைக் குறைத்தது. பஞ்ச காலத்திலும் ஏழைக்கு அதே காசுக்கு ரொட்டி கிடைத்தது, சிறிய ரொட்டியாக.

உழவர் வீட்டில் நாள் முழுதும் அடுப்பில் ஒரு பானை கொதித்தது. முட்டைக்கோசு, லீக், வெங்காயம், பட்டாணி, கொஞ்சம் தானியம், கிடைத்தால் உப்பிட்ட பன்றிக்கொழுப்பு என எல்லாம் சேர்ந்த கூழ் அது. உழவர்கள் இறைச்சியே கண்டதில்லை என்ற பழைய எண்ணத்தை அகழாய்வு திருத்தியிருக்கிறது. இங்கிலாந்தின் நார்தாம்டன்ஷயரில் வெஸ்ட் காட்டன் என்ற சிற்றூரில் எடுத்த பானை ஓடுகளில் ஊறியிருந்த கொழுப்பை பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு விவரிக்கிறது. மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் கீரைவகையோடு வெந்ததற்கும், பால் பொருள்கள் புழங்கியதற்கும் அதில் சான்று உண்டு. சமையல் நூல் எழுதிவைக்க யாருமற்ற மக்களுக்கு அவர்களுடைய பானைகளே ஏடுகளாக நின்றிருக்கின்றன.

காட்டு விலங்கு மட்டும் அந்தப் பானைக்கு எட்டாதது. 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியர்கள் பரந்த நிலங்களை அரசவேட்டைக்கு ஒதுக்கினார்கள். மான் கொன்றவனுக்குக் கொடிய தண்டனை காத்திருந்தது. 1217ஆம் ஆண்டின் வனப் பட்டயம்தான், மானுக்காக ஒருவன் உயிரையோ உறுப்பையோ இழக்கக் கூடாது என்று விதித்து, தண்டனையை அபராதமாகவும் சிறையாகவும் குறைத்தது. பிரபுக்கள் வளர்த்த புறாக்கள் உழவனின் வயலில் மேய்ந்து கொழுத்தன. அவற்றைப் பிடித்துத் தின்னும் உரிமை அவனுக்கு இல்லை.

மேல்தட்டு அடுப்படியின் அடையாளம் மசாலா. மிளகு, இஞ்சி, இலவங்கப்பட்டை, கிராம்பு, குங்குமப்பூ ஆகியவை தாராளமாக விழுந்தன. மலபார் மிளகு அலெக்சாண்டிரியா வழியாக வெனிஸ் வணிகர் கைக்குப் போய், அங்கிருந்து பிற நாடுகளுக்குப் பரவியது. கெட்டுப்போன இறைச்சியின் நாற்றத்தை மறைக்கவே மசாலா சேர்த்தார்கள் என்று இன்றும் எழுதப்படுவது தவறு. மசாலா வாங்க முடிந்தவருக்குப் புதிய இறைச்சி வாங்குவது எளிது. செல்வத்தைக் காட்டுவதோடு, உடலின் சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி ஆகியவற்றைச் சமன்செய்யும் மருந்தாகவும் மசாலாவைக் கருதினர். அந்த மருத்துவக் கொள்கையே படிநிலைக்கும் துணைபோனது: உயரப் பறக்கும் பறவை உயர்ந்தோரின் மென்மையான வயிற்றுக்கு, மண்ணுக்குள் விளையும் வெங்காயமும் கிழங்கும் உழைப்பவனின் முரட்டு வயிற்றுக்கு என்று வகுத்தார்கள்.

திருச்சபையின் நாட்காட்டி எல்லாருக்கும் பொது என்றாலும் அதன் சுமை ஒன்றாக இருக்கவில்லை. தவக்காலம், வெள்ளிக்கிழமைகள், திருவிழா முன்னாள்கள் எனச் சேர்த்தால் ஆண்டின் மூன்றில் ஒரு பங்குக்குச் சுத்தபோசனம், அதாவது இறைச்சி விலக்கு. தவக்காலத்தில் முட்டையும் பாலும்கூட விலக்கு. செல்வர் நன்னீர் மீனும் பாதாம் பாலும் கொண்டு விருந்தே நடத்தினர். ஏழைக்கு உப்பிட்ட ஹெர்ரிங் மீனோ வெறும் கூழோதான். பால்டிக் கடலோர வணிகத்தில் லூபெக் நகரம் செழித்ததற்கு இந்த மீனும், அதற்கு வேண்டிய லூனெபர்க் உப்பும் பெரிய காரணங்கள். 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த விதி, நோயாளிகள் தவிர மற்றத் துறவிகளுக்கு நாற்கால் விலங்குகளின் இறைச்சியை மறுத்தது. பிற்காலத்தில் இங்கிலாந்தின் பெரிய மடங்கள் இறைச்சி பரிமாறவென்றே தனி உண்ணும் அறை வைத்துக்கொண்டன.

1315 முதல் 1317 வரை இடைவிடாத மழையில் பயிர் அழுகி, வட ஐரோப்பா பெரும் பஞ்சத்தில் விழுந்தது. ஒரு தலைமுறை கழித்து, 1347இல் வந்த கொள்ளைநோய் மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்கையாவது கொண்டுபோனது. பிழைத்தவர்களின் கைகளுக்குக் கிராக்கி கூடியது, கூலி உயர்ந்தது. முரட்டு வயிறு பற்றிய கொள்கை உண்மையென்றால் அவர்கள் பழைய கூழிலேயே நிறைவு கண்டிருக்க வேண்டும். நார்ஃபோக்கின் செட்ஜ்ஃபோர்டு பண்ணைக் கணக்குகள் வேறு கதை சொல்கின்றன. 13ஆம் நூற்றாண்டில் அறுவடைக்காரருக்குப் பெரும்பாலும் பார்லி ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுத்த பண்ணை, 15ஆம் நூற்றாண்டில் கோதுமை ரொட்டியும் மாட்டிறைச்சியும் நிறைய ஏல் பானமும் கொடுக்க வேண்டியதாயிற்று. இந்த மாற்றத்தின் தொடக்கமே ஆள்வோருக்குப் பொறுக்கவில்லை. 1363இல் இங்கிலாந்து நாடாளுமன்றம், வேலைக்காரர்களுக்கு இறைச்சியோ மீனோ நாளுக்கு ஒருவேளை மட்டுமே என்று சட்டம் இயற்றியது; அந்தச் சட்டம் நெடுநாள் நிற்கவில்லை.

இடைக்காலம் முடிந்தபின், சுத்தபோசன விதியின் வெளிப்படையான மீறலும் உழைப்பாளிகளின் பசியை முன்வைத்தே நடந்தது. 1522 தவக்காலத்தில் சூரிச் நகர அச்சகத்தார் கிறிஸ்டோஃப் ஃபுரோஷவர் வீட்டில் சிலர் தொத்திறைச்சி தின்றார்கள். அங்கிருந்த போதகர் உல்ரிச் சுவிங்லி தின்னவில்லை. ஆனால் தின்றவர்களுக்காகப் பிரசங்கம் செய்தார். நகரமன்றத்தில் ஃபுரோஷவர் சொன்ன விளக்கம்: ஃபிராங்ஃபர்ட் சந்தை தொடங்குமுன் புத்தகம் முடிக்க ஆட்கள் இரவும் பகலும் உழைக்கிறார்கள், கூழ் மட்டும் அவர்களைத் தாங்காது, எந்நேரமும் மீன் வாங்கத் தன்னிடம் வசதியில்லை.