சீசெல்சுத் தீவுகளின் முதற்குடியேற்றமும் 'மலபார்' என்னும் குறிப்பும்

1770ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், மொரீசியசிலிருந்து புறப்பட்ட பிரெஞ்சுக் கப்பல் ஒன்று, நிலைத்த குடிகள் இல்லாதிருந்த சீசெல்சுத் தீவுக் கூட்டத்தின் செயிண்ட் ஆன் தீவில் 28 பேரை இறக்கியது. அவர்களுள் வெள்ளையர் 15 பேர், ஆப்பிரிக்கர் எண்மர், எஞ்சிய ஐவர் 'மலபார்கள்' எனக் குறிக்கப்பெற்றனர். இவ்வைவரையும் தமிழர் என்று கொண்டு, சீசெல்சின் தொடக்கத்தையே தமிழர் வரலாற்றோடு இணைத்துப் பேசும் போக்கு உண்டு. அது மறுஆய்வுக்கு உரியது.

'மலபார்' என்பது மலையாளக் கரையினரை மட்டும் சுட்டிய சொல் அன்று. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் தன் முகப்பில் தமிழையே 'மலவார் தமுல்' என வழங்கியது. ரீயூனியன் தீவில் தமிழ் வழியினர் இன்றும் 'மல்பார்' என்றே அழைக்கப்படுகின்றனர். 1735க்குப் பின் ஆளுநர் லபூர்தொனே புதுச்சேரிக் கைவினைஞரை மொரீசியசுக்கு வரவழைத்ததும் அறியப்பட்ட செய்தியே. எனவே ஐவரும் தமிழராக இருந்திருக்கலாம் எனக் கருத இடமுண்டு. ஆயின் மலையாளக் கரையிலும் மாகி என்னும் பிரெஞ்சுக் குடியேற்றம் இருந்தது. சொல் ஒன்றையே சான்றாக்கி முடிவு கட்டுதல் முறையாகாது.

ஐவரின் மொழி எதுவாயினும், அது அங்கு வேரூன்றவில்லை. அதற்கான விடை நிலத்தில் உள்ளது. சீசெல்சில் 115 தீவுகள் உள. அனைத்தும் சேர்ந்தும் நிலப்பரப்பு ஏறத்தாழ 455 சதுர கிலோமீட்டரே. பெருந்தீவாகிய மாகே கருங்கல் மலை. அதன் உச்சி 905 மீட்டர். கரையோரத்தில் குறுகிய சமநிலம் மட்டுமே உண்டு. மொரீசியசின் அகன்ற கரும்பு வயல்கள் ஏறத்தாழ நாலரை லட்சம் ஒப்பந்தக் கூலிகளை இந்தியாவிலிருந்து ஈர்த்தன. அத்தகைய கரும்புத் தோட்டத்துக்குச் சீசெல்சில் இடமில்லை. ஆகவே அத்தகைய பெருங்குடியேற்றமும் நிகழவில்லை.

அங்கு வந்த பயிர்களின் கதை தனிச் சுவையுடையது. 1772இல் மாகேயில் பிரெஞ்சு அரசு நறுமணப் பயிர்த் தோட்டம் ஒன்றை அமைத்தது. 1780இல் ஒரு கப்பல் வரக் கண்டு, ஆங்கிலேயர் கைக்குத் தோட்டம் போய்விடும் என அஞ்சி அதற்குத் தீயிட்டனர். வந்ததோ பிரெஞ்சுக் கப்பல். இலவங்கப்பட்டை மட்டும் அழியவில்லை. பறவைகள் அதன் விதைகளை மலையெங்கும் பரப்பின. பின்னாளில் அதன் பட்டையும் எண்ணெயும் ஏற்றுமதிப் பொருள்களாயின. பருத்தி சிலகாலம் செழித்து மறைந்தது. 1835இல் அடிமைமுறை ஒழிந்தபின், குறைந்த ஆட்களைக்கொண்டு நடத்தக்கூடிய தென்னையே முதன்மை பெற்றது. அடிமைக் கப்பல்களிலிருந்து ஆங்கிலக் கடற்படை மீட்ட ஆப்பிரிக்கர் 2,000க்கும் மேற்பட்டோர் 1861 முதல் அங்கு இறக்கப்பட்டனர். உழைப்பாளர் தேவை பெரிதும் இவ்வழியே நிறைவேறியது என்பது நோக்கத்தக்கது. பிரெஞ்சு வழியினரும் ஆப்பிரிக்கரும் பிறரும் கலந்த சமுதாயம் கிரியோல் மொழியைத் தனதாக்கிக்கொண்டது. 1993ஆம் ஆண்டின் அரசமைப்பு ஆங்கிலம், பிரெஞ்சு ஆகியவற்றோடு கிரியோலையும் தேசிய மொழியாக ஏற்றது.

1814இல் ஆங்கிலேயர் வசமான இந்நாடு 1976இல் விடுதலை பெற்றது. ஆயினும் பொருளியலின் உண்மையான திருப்பம் 1971இல் விமான நிலையம் பயன்பாட்டுக்கு வந்ததே ஆகும். அதுவரை பம்பாய்க்கும் கிழக்காப்பிரிக்காவுக்கும் இடையே சென்ற கப்பல்களையே பயணிகள் நம்பியிருந்தனர். தென்னையும் இலவங்கமும் பின்தள்ளப்பட்டுச் சுற்றுலா முன்னின்றது. சூரை மீன்பிடிப்பும் அதனைப் பதப்படுத்தும் தொழிலும் துணைநின்றன. பதின்மூன்று லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடற்பரப்பு இன்று இச்சிறு நாட்டின் பொருளாதார உரிமை எல்லைக்குள் உள்ளது.

சீசெல்சில் பிள்ளை, நாய்க்கன் முதலிய குடும்பப் பெயர்கள் வழங்குவது உண்மையே. ஆயின் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் வணிகம் கருதித் தமிழர் பலர் அங்குச் சென்றனர். தலைநகர் விக்டோரியாவில் 1992இல் எழுந்த நவசக்தி விநாயகர் கோயில் இப்பிற்காலக் குடியேற்றத்தோடு வைத்து எண்ணத்தக்கது; 1770இன் ஐவரது எச்சமாக அதனைக் கொள்ளுதல் பொருந்தாது.