மருத்துவமனைப் படுக்கையும் புகைப்பழக்கமும் - ஒரு சிறு வரலாறு

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து வரும் ஒரு தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். ஒரு கையில் டீ, மறு கையில் சிகரெட். ஒரு நாள் அவர் நெஞ்சுவலியோடு மருத்துவமனையில் சேர்கிறார். வார்டில் புகைக்க முடியாது. ஐந்து நாட்கள் புகைக்காமலேயே ஓடிவிடுகின்றன. ஆறாம் நாள் டிஸ்சார்ஜ்... வெளியே வந்தால் பெட்டிக்கடை! அந்த ஐந்து நாட்களும் வீண்தானா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அது தொடங்கியதும் மருத்துவமனைப் படுக்கையில்தான்.

ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரு ஆய்வாளர்கள் லண்டனில் 20 மருத்துவமனைகளின் நோயாளிகளை விசாரித்து, 1950-ல் முடிவுகளை வெளியிட்டனர். நுரையீரல் புற்றுநோய் கண்ட 649 ஆண்களில் புகைக்காதவர்கள் 2 பேர் மட்டுமே! ஆய்வு முடியும் முன்பே டால் தன் சிகரெட்டை விட்டுவிட்டார்.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் நோயாளியை விட வைப்பது எப்படி? மருத்துவர் சொன்னால் கேட்பார்களா? 1979-ல் மைக்கேல் ரஸ்ஸல் குழு லண்டன் பொது மருத்துவர்களிடம் இதைச் சோதித்தது. மருத்துவர் ஓரிரு நிமிடம் அறிவுரை கூறி, துண்டுப்பிரசுரம் தந்து, "மறுபடியும் விசாரிப்போம்" என்றும் சொன்ன குழுவில், ஓராண்டுக்குப் பிறகும் 5.1 சதவீதம் பேர் புகைக்காமல் இருந்தனர். எதுவும் சொல்லாத குழுவில் 0.3 சதவீதம்தான்.

இனி நம் ஊருக்கு வருவோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 2002-ல் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு மத்திய அரசு நாடெங்கும் 13 புகையிலை விடுப்பு மையங்களைத் தொடங்கியபோது, அவற்றுள் ஒன்று அடையாறில் அமைந்தது. அடுத்த ஆண்டே சென்னை, விழுப்புரம் பகுதிகளில் 43,000 ஆண்களின் மரணங்களை ஆராய்ந்த கஜலட்சுமி குழுவின் ஆய்வு வெளிவந்தது. காசநோயால் இறந்த ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் சாவுக்குப் புகையே காரணம் என்றது அது. ஆக, புற்றுநோய் வார்டுக்கு மட்டுமல்ல, எல்லா வார்டுக்கும் இந்த உதவி தேவை.

புகையை நிறுத்திய முதல் சில நாட்களில்தான் எரிச்சலும் தூக்கமின்மையும் அதிகம். அந்தக் கஷ்டமான நாட்களை நோயாளி மருத்துவமனையிலேயே கடந்துவிடுகிறார். நோய் தந்த பயமும் மனதில் இருக்கிறது. ஆலோசகர் பேச இதைவிட நல்ல நேரம் ஏது? தேவைப்பட்டால் நிகோட்டின் சூயிங்கமும் உண்டு.

ஆனால் அங்கேயே நிறுத்திவிட்டால் பலன் குறைவு. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்ட உண்மை இது: வீடு திரும்பிய பிறகும் குறைந்தது ஒரு மாதம் தொடர்ந்து விசாரித்தால்தான் விட்டவர் விட்டவராக இருக்கிறார். 2016-ல் தொடங்கிய தேசிய புகையிலை விடுப்பு உதவி எண் (1800-11-2356) இதற்குக் கைகொடுக்கிறது. கட்டணம் இல்லை.

டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளை எழுதும் கை, அந்த எண்ணையும் ஒரு வரி எழுதினால் போதும். பெட்டிக்கடையைத் தாண்டி வீடு போய்ச் சேர அது ஒரு துணை!