அக்ரிலிக் காட்சித் தட்டு

அக்ரிலிக் காட்சித் தட்டு என்பது கடைகளில் விற்பனைப் பொருட்களை அழகுற அடுக்கி வைக்கப் பயன்படும், ஒளி ஊடுசெல்லும் நெகிழித் தட்டு ஆகும். இது பாலிமெத்தில் மெதாக்ரைலேட்டு என்னும் பல்பகுதியத்தால் ஆனது. இப்பொருள் 1933 ஆம் ஆண்டு செருமனியில் பிளெக்சிகிளாசு என்ற வணிகப் பெயரில் அறிமுகமானது.

பண்புகள்

தெளிந்த அக்ரிலிக், கட்புலனாகும் ஒளியில் ஏறத்தாழ 92% அளவைக் கடத்துகிறது. இதன் அடர்த்தி கண்ணாடியினுடையதில் ஏறத்தாழப் பாதியாகும். வெண்ணிறமி சேர்த்தோ மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கியோ அரைகுறையாக ஒளி புகும் தட்டுக்கள் செய்யப்படுகின்றன. இவை ஒளியைச் சிதறடிப்பதால், பின்னுள்ள விளக்கு தெரியாமல் தட்டு முழுவதும் சீராக ஒளிரும்.

அலங்கார வடிவமைப்பு

தெளிந்த தட்டின் விளிம்பில் ஒளியுமிழ் இருமுனையங்களைப் பொருத்தினால், ஒளி முழு அக எதிரொளிப்பினால் தட்டினுள்ளேயே செல்லும். மேற்பரப்பில் லேசரால் செதுக்கப்பட்ட கோலங்களை அடையும்போது அது சிதறி வெளியேறுகிறது. எனவே கோலம் மட்டும் ஒளிர்வதுபோல் தோன்றும். இதே காரணத்தால் தற்செயலான கீறல்களும் ஒளிர்ந்து அழகைக் கெடுக்கும்.

குறைபாடுகள்

அக்ரிலிக் கண்ணாடியைவிட எளிதில் கீறலுறும், தீப்பற்றும். நீண்டநாள் பாரம் தாங்கினால் மெல்லத் தொய்வடையும். ஆகவே கனமான பொருட்களுக்குத் தடித்த தட்டுக்களும் நெருக்கமான தாங்கிகளும் தேவை. ஆல்ககால் கலந்த துப்புரவு நீர்மங்கள் நுண்வெடிப்புக்களை உண்டாக்கக்கூடும். மென்மையான துணியும் மிதமான சோப்பு நீருமே இதனைத் துடைக்க ஏற்றவை.