எழுதுகோல் அமைச்சரானபோது: பிரபுக்கள் சபையில் ஜான் மார்லி

எழுத்தாளர் ஒருவர் ஆட்சிப் பொறுப்பை ஏற்றால், அவர் முன்பு எழுதியவை என்னவாகும்? அவை அவருக்கு வழிகாட்டுமா, அல்லது அவருக்கு எதிரான சாட்சியாகுமா? நம் மரபில் ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றார். கோவூர் கிழார் சோழர் இருவரிடையே சந்து செய்ய முயன்றார். அவர்கள் வேந்தர்க்கு அருகிருந்து இடித்துரைத்த சான்றோர்கள். மசோதாவைக் கையில் ஏந்தி அவையின் வாக்கை எதிர்பார்த்து நின்றவர்கள் அல்லர். அவ்வாறு நின்ற எழுத்தாளர் ஒருவரைப் பற்றி நம் பத்தாம் ஆண்டு மலரில் எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும் எனக் கருதுகிறேன். அவர் பெயர் ஜான் மார்லி. 1905 டிசம்பர் முதல் 1910 நவம்பர் வரை இலண்டனில் இந்திய அமைச்சராக இருந்தவர். ‘மின்டோ–மார்லி சீர்திருத்தம்’ என்று பள்ளிப் பாடநூலில் ஒரே வரியாக நம்மில் பலரும் படித்துக் கடந்த பெயர் அது.

எழுதிப் பிழைக்க வந்தவர்

மார்லி 1838ஆம் ஆண்டு லங்காஷயரின் பிளாக்பர்ன் நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். மகனைப் பாதிரியாராக்க வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். ஆக்ஸ்ஃபோர்டில் பயின்ற காலத்தில் மார்லியின் சமய நம்பிக்கை தளர்ந்தது. தந்தையின் பொருளுதவியும் நின்றது. இலண்டனுக்கு வந்து எழுதிப் பிழைத்தார். 1867 முதல் 1882 வரை ‘ஃபோர்ட்நைட்லி ரெவ்யூ’ இதழின் ஆசிரியராக இருந்து, அக்காலத்துச் சுதந்திரச் சிந்தனையாளர்களுக்கு அதனை ஒரு மேடையாக்கினார். வால்டேர், ரூசோ, டிடெரோ, பர்க் ஆகியோரைப் பற்றி அவர் எழுதிய நூல்கள் ஆங்கில உரைநடையில் தனியிடம் பெற்றவை.

1874இல் வெளிவந்த ‘சமரசம் குறித்து’ என்னும் சிறுநூலே அவருடைய உள்ளத்தைத் திறந்து காட்டுவது. கருத்தை உருவாக்கிக்கொள்ளுதல், அதனை வெளியிடுதல், நடைமுறைக்குக் கொண்டுவருதல் என மூன்று நிலைகளை அவர் அதில் பிரித்துக் காண்கிறார். நடைமுறையில் பொறுத்திருக்கலாம், பாதி கிடைத்தால் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் உண்மையைத் தேடுவதிலும், கண்ட உண்மையைச் சொல்வதிலும் விட்டுக்கொடுத்தல் ஆகாது என்பதே அந்நூலின் சாரம். இந்த அளவுகோலை மனத்தில் கொள்ளுதல் வேண்டும். அவருடைய அமைச்சுப் பணியை அளப்பதற்கு வேறோர் அளவுகோலைத் தேட வேண்டுவதில்லை.

மேலவையில் அமர்ந்த தீவிரவாதி

1883இல் காமன்ஸ் சபை உறுப்பினரான மார்லி, கிளாட்ஸ்டனின் நம்பிக்கைக்கு உரியவராகி, இருமுறை அயர்லாந்து விவகாரங்களை நிர்வகித்தார். 1903இல் கிளாட்ஸ்டனின் வரலாற்றை மூன்று பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். பிரபுக்கள் சபையைத் திருத்த வேண்டும், இல்லையேல் ஒழிக்க வேண்டும் என 1880களில் முழங்கிய தீவிரவாதி அவர். அவரே 1908 மே மாதம் விஸ்கவுன்ட் பட்டம் பெற்று அச்சபைக்குள் நுழைந்தார். அஸ்குவித் பிரதமரான வேளை அது. எழுபதை நெருங்கிய மார்லி இந்திய அமைச்சைக் கைவிட விரும்பவில்லை; காமன்ஸ் சபையின் ஓயாத உழைப்பினின்று விடுபடவே விரும்பினார்.

ஆயினும் அவர் சென்றது ஓய்விடம் அன்று. பிரிட்டிஷ் மரபில் ஓர் அமைச்சர் தாம் உறுப்பினராக உள்ள அவையில் மட்டுமே பேசலாம். மற்ற அவையில் அவருடைய துணையமைச்சரே பேசுவார். எனவே இந்தியாவைப் பற்றிய முதன்மையான விவாதங்கள் பிரபுக்கள் சபைக்கு இடம்பெயர்ந்தன. அங்கே எதிர்வரிசையில் இருந்தவர்கள் இந்தியாவை ஆண்டவர்கள். வைசிராய்களாக இருந்த கர்சனும் லான்ஸ்டவுனும், சென்னையின் ஆளுநராக இருந்த ஆம்ப்தில் பிரபுவும் அவ்வவையின் உறுப்பினர்கள். இந்தியாவை ஒருநாளும் கண்டிராத மார்லி, புத்தக அறிவையும் நாவன்மையையும் கொண்டு அவர்களுக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது.

கடிதம் ஒன்று, உரை ஒன்று

அதே 1908ஆம் ஆண்டு நெல்லைச் சீமை கொந்தளித்துக்கொண்டிருந்தது. மார்ச் 12இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை கைதானார். ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே, அவருக்கு நாற்பதாண்டுக் கடுந்தண்டனையும் சுப்பிரமணிய சிவாவுக்குப் பத்தாண்டும் விதித்தார். இச்செய்தி இலண்டனை எட்டியது. ஜூலை 14ஆம் நாள் வைசிராய் மின்டோவுக்கு எழுதிய கடிதத்தில் மார்லி தம் மனத்தை மறைக்கவில்லை. திருநெல்வேலிக்காரர் இருவருக்கும் விதித்த தண்டனை சற்றும் நியாயப்படுத்த இயலாதது என்றும், ஒழுங்கைக் காப்பது வேறு, அளவுகடந்த கொடுமை வேறு என்றும், அக்கொடுமை வெடிகுண்டுக்கே வழி திறக்கும் என்றும் எழுதினார். மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் 1908 நவம்பரில் தண்டனைகளை ஆறாண்டுகளாகக் குறைத்தது.

இக்கடிதத்தை எழுதியவர் வால்டேரைப் பற்றி எழுதிய மார்லி. அதனைப் படிக்கும் தமிழர் நெஞ்சு நெகிழும். ஆனால் அது மந்தணக் கடிதம். அவர் தம் நினைவுக் குறிப்புகளை 1917இல் நூலாக்கியபோதுதான் உலகம் அதனை அறிந்தது. அவையில் எழுந்து நின்றபோதோ வேறொரு மார்லியைக் காண்கிறோம். 1908 டிசம்பர் 17ஆம் நாள் பிரபுக்கள் சபையில் தம் சீர்திருத்தத் திட்டத்தை அவர் விளக்கினார். வங்கத் தலைவர்கள் ஒன்பதுபேர், 1818ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியின் கீழ் விசாரணையின்றி நாடுகடத்தப்பட்ட சில நாட்களுக்குள் நிகழ்ந்த உரை அது. இச்சீர்திருத்தம் இந்தியாவில் நாடாளுமன்ற ஆட்சிமுறைக்கு இட்டுச் செல்லுமாயின் தமக்கு இதில் எவ்விதத் தொடர்பும் வேண்டாம் என்று அவர் அன்று அறிவித்தார். கனடாவின் உரோம மேலங்கி தக்காணத்தின் வெயிலுக்கு ஒவ்வாது என முந்தைய ஆண்டே ஆர்பிரோத்தில் பேசியவரும் அவரே.

எதிர்வரிசைப் பிரபுக்களை அமைதிப்படுத்தச் சொன்ன தந்திரமா அது, அல்லது உள்ளத்தின் உண்மையா? ஆய்வாளர்கள் இன்றும் இதனை விவாதிக்கின்றனர். இரண்டும் கலந்திருந்தன என்பதே என் கருத்து. தந்திரம் எனின், கண்டதைச் சொல்வதில் விட்டுக்கொடுத்தார். உண்மை எனின், சுதந்திரம் வெள்ளையர்க்கு மட்டுமே உரியது என்னும் அக்காலத்தின் குறையைத் தம் சிந்தனையிலும் சுமந்தார். எப்படிப் பார்ப்பினும் 1874ஆம் ஆண்டின் நூல் அவரைக் கேள்வி கேட்கிறது.

மசோதாவின் பயணம்

1909 பிப்ரவரியில் இந்திய கவுன்சில்கள் மசோதா முதலில் பிரபுக்கள் சபையிலேயே கொண்டுவரப்பட்டது. பிப்ரவரி 23இல் இரண்டாம் வாசிப்பு. முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி என்பது அவருடைய தொடக்கத் திட்டம் அன்று. சமூகங்கள் கலந்து வாக்களிக்கும் தேர்தல் குழுக்களில் இடங்களை ஒதுக்கலாம் என்பதே 1908 நவம்பரில் அவர் மின்டோவுக்கு அனுப்பிய யோசனை. ஜனவரியில் சையது அமீர் அலி தலைமையில் ஒரு தூதுக்குழு அவரைச் சந்தித்தது. இந்திய அரசின் நெருக்கமும் சேர்ந்தது. மார்லி இணங்கினார், இணங்கியதை அவையில் அறிவித்தார். ஒரு மசோதாவைக் கரைசேர்க்கச் செய்த அந்த இணக்கத்தின் விளைவுகள் பின்வந்த நாற்பதாண்டு இந்திய வரலாற்றில் நீண்டன.

மாகாணங்களில் நிர்வாகக் குழுக்களை அமைக்க வகைசெய்த மூன்றாம் பிரிவைப் பிரபுக்கள் வெட்டி எறிந்தனர். காமன்ஸ் சபை மாற்றத்துடன் அதனை மீட்டது. மே 25இல் மசோதா சட்டமாயிற்று. மத்திய அவையில் அரசு அலுவலர் பெரும்பான்மை நீடித்தது. மாகாண அவைகளில் அது நீங்கியது. வரவுசெலவைப் பற்றித் தீர்மானம் முன்மொழியவும், துணைக் கேள்விகள் எழுப்பவும் உறுப்பினர்கள் உரிமை பெற்றனர். தீர்மானங்கள் அரசைக் கட்டுப்படுத்தவில்லை. ஆயினும் 1910 பிப்ரவரியில் கோகலே அவ்வுரிமையைக் கொண்டே நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவதற்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். அரசு அதனை ஏற்றது. 1911 ஜூலை முதல் அக்கப்பல்கள் நின்றன. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்களுள் தமிழர் ஏராளம் என்பதை எண்ணினால், காகிதத்தில் சிறிதாகத் தோன்றும் ஓர் உரிமையின் அருமை புலப்படும்.

ஆனால் அதே 1910 பிப்ரவரியில் பத்திரிகைச் சட்டமும் வந்தது. பிணையம் கேட்கவும், அதனைப் பறிமுதல் செய்யவும், அச்சகத்தையே கைப்பற்றவும் அது அரசுக்கு அதிகாரம் அளித்தது. பதினைந்தாண்டுகள் இதழாசிரியராக இருந்தவர் அமைச்சராக அதற்கு இசைவளித்தார். புதுவையில் அடைக்கலம் புகுந்து பாரதி நடத்திய ‘இந்தியா’ அவ்வாண்டிலேயே நின்றது. பாரதியின் தேசியப் பாடல்களைத் தம் செலவில் அச்சிட்டுப் பரப்பிய மிதவாதி வி. கிருஷ்ணசாமி ஐயர் 1911இல் சென்னை ஆளுநரின் நிர்வாகக் குழுவில் இடம்பெற்றார். பாடியவரோ எல்லைக்கு அப்பால் இருந்தார். மார்லி திறந்த கதவு யாருக்குத் திறந்தது, யாருக்கு மூடியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நமக்கு வேண்டியதில்லை.

மறுக்கப்பட்டது மலர்ந்த விதம்

மார்லி உறுதியாக நின்ற இடமும் உண்டு. 1909 மார்ச்சில், சத்யேந்திர பிரசன்ன சின்ஹாவை வைசிராயின் நிர்வாகக் குழுவில் சட்ட உறுப்பினராக நியமிக்கச் செய்தார். அரசர் ஏழாம் எட்வர்டு இதனைக் கடுமையாக வெறுத்தார், லான்ஸ்டவுன் எதிர்த்தார். மார்லி பின்வாங்கவில்லை. நாடுகடத்தப்பட்ட ஒன்பதுபேரை விடுவிக்க வேண்டும் என்று மின்டோவை இடைவிடாது வற்புறுத்தி, 1910 பிப்ரவரியில் அதனையும் நிறைவேற்றினார்.

1911 ஆகஸ்ட் 10ஆம் நாள், வெப்பம் கொதித்த இலண்டனில், அவருடைய அவைப் பணியின் உச்சம் நிகழ்ந்தது. பிரபுக்கள் சபையின் தடையதிகாரத்தைக் குறைக்கும் மசோதா அன்று அச்சபையின் முன்னே இருந்தது. மசோதா தோற்குமாயின், வேண்டிய எண்ணிக்கையில் புதிய பிரபுக்களை உருவாக்க அரசர் இசைவார் என்னும் குறிப்பை மார்லி ஒரு தாளிலிருந்து படித்தார். மீண்டும் படிக்குமாறு கேட்டனர், மீண்டும் படித்தார். 131க்கு 114 என்ற கணக்கில் மசோதா நிறைவேறியது. அவையைத் திருத்த வேண்டும் என்ற பழைய முழக்கத்தை, அவ்வவையின் உறுப்பினராகவே அவர் நிறைவேற்றினார்.

1914 ஆகஸ்டில் பிரிட்டன் போரில் இறங்கியபோது மார்லி பதவி துறந்தார். உடன்பட இயலாத இடத்தில் விலகுதல் என்னும் தம் நூலின் பாடத்தை எழுபத்தைந்தாம் வயதில் தாமே படித்துக்காட்டினார்.

வரலாறு அவருக்கு விடை சொன்ன விதமே வியப்புக்குரியது. அரசரின் வெறுப்பை மீறி அவர் நியமித்த சின்ஹா, 1919இல் பிரபுவாகி, இந்தியத் துணையமைச்சராகி, அதே அவையில் அவ்வாண்டின் இந்திய அரசுச் சட்ட மசோதாவை முன்னின்று நடத்தினார். நாடாளுமன்ற முறைக்கு வழிவகுக்கும் எதிலும் எனக்குத் தொடர்பில்லை என்று மார்லி சொன்ன அவையிலேயே, அவ்வழியின் அடுத்த அடியை ஓர் இந்தியர் எடுத்துவைத்தார். மார்லி அப்போது உயிரோடிருந்தார், 1923இல்தான் மறைந்தார்.

எழுதுகோல் பதவியில் மழுங்கிவிடும் என்று முடிவுகட்டுவது எளிது. மார்லியின் வாழ்வு அவ்வளவு எளிய தீர்ப்புக்கு இடந்தரவில்லை. சின்ஹாவின் நியமனத்திலும் ஒன்பதுபேரின் விடுதலையிலும் அவருடைய நூல்கள் அவரோடு நின்றன. பத்திரிகைச் சட்டத்தில் அவருக்கு எதிரே நின்றன. நெல்லையின் இரு கைதிகளைப் பற்றி அவர் எழுதியது மூடிய உறைக்குள் ஒன்பதாண்டுகள் கிடந்தது. அதனை அவர் அவையில் எழுந்து சொல்லியிருந்தால் கோரல் மில் தொழிலாளர்களும், தூத்துக்குடிக் கடைவீதியும், புதுவையில் இருந்த கவிஞரும் அன்றே கேட்டிருப்பார்கள். உறைக்குள் எழுதியதை அவையில் எழுந்து சொல்லும் துணிவு நம் எழுத்துக்கு வாய்க்குமா என்ற கேள்வியை, பத்தாண்டு நிறைவில், வட்டத்து நண்பர்கள் முன் பணிவுடன் வைக்கிறேன்.